மிச்சப்பட்ட மணிகளின் மதிப்பு

பாசிமணிக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஜோடி சேராதவை, நிறம் ஒத்துவராதவை, ஓரம் உடைந்தவை எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, எடை போட்டு மலிவு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். வாங்குபவருக்கு லாபம், கடைக்காரருக்கு இடம் மிச்சம். சரித்திரத்தில் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழ். நல்ல மணி கப்பலேறிப் போய்விடும். அதைச் செய்த ஊருக்குச் சாட்சியாக நிற்பது கழித்துப் போட்ட மணிதான்.

புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 4 கி.மீ. தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தபோது, ரோமானிய மட்பாண்டங்களைப் பற்றித்தான் பெரிதாகப் பேசினார்கள். அங்கே கிடைத்த சின்னஞ்சிறு கண்ணாடி மணிகளைப் பின்னாளில் விரிவாக ஆராய்ந்தவர் பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்கர். 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயர் சூட்டியவரும் அவரே. உருகிய கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, மறுபடி சூடேற்றி முனைகளை மழுக்குவார்கள். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை முதல் கொரியா வரை இவ்வகை மணிகள் கிடைத்திருக்கின்றன.

ஓர் ஊரில் மணி கிடைத்தால், அங்கே அதை அணிந்தார்கள் என்றுதான் சொல்ல முடியும். அங்கேயே செய்தார்கள் என்று சொல்ல, நறுக்காத குழாய்த் துண்டும், ஒன்றோடொன்று ஒட்டிப் பாழான மணியும் வேண்டும். அரிக்கமேட்டு மண்ணில் அத்தகைய கழிவுகள் இருந்தன. ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் கரையில் உள்ள கொடுமணல் கல்மணிகளுக்குப் பேர்போனது. அங்கும் துளை முடியாத மணிகளும் உடைந்த கற்சில்லுகளும்தான் பழைய பட்டறையைக் காட்டிக்கொடுத்தன.

1930-களில் அரிக்கமேட்டில் சிறுவர்கள் பொறுக்கிவந்த மணிகளையும் கற்களையும் விலை கொடுத்து வாங்கினார் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய். அவர் விஷயம் தெரிந்தவர்; அதனால் அந்த மேட்டின் அருமை வெளியே தெரிந்தது. எல்லா மேட்டுக்கும் அப்படி ஒருவர் வாய்ப்பதில்லையே! மழை பெய்த மறுநாள் பொறுக்கிய மணிகளைப் பத்து ஊர் மணிகளோடு கலந்து விற்றுவிட்டால், எது எந்த மண்ணில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பதை யாராலும் திரும்பச் சொல்ல முடியாது. மணி மிஞ்சும், அதன் சரித்திரம் போய்விடும்.

கடையில் மிஞ்சிய மணிகளைத் தாராளமாகக் கலந்து விற்கட்டும்; பேரக்குழந்தைகள் கோத்து விளையாடட்டும். ஆனால் நம் வயலில் ஏர் ஓட்டும்போதோ கிணறு வெட்டும்போதோ பழைய மணி அகப்பட்டால், உடைந்ததுதானே என்று ஒதுக்காமல், கிடந்த இடத்தைக் குறித்துவைத்து வட்டாட்சியரிடமோ தொல்லியல் துறையிடமோ தெரிவியுங்கள். புதையலைப் பற்றி அரசுக்குத் தகவல் தர வேண்டும் என்று 1878-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டத்துக்காக இல்லாவிட்டாலும், நம் ஊரில் யார் என்ன தொழில் செய்தார்கள் என்று அடுத்த தலைமுறை அறிந்துகொள்வதற்காகவாவது அதைச் செய்யலாம்.