தெர்மாகோல் குடிலுக்கு நோ... வைக்கோல், சவுக்கு, பேப்பர் ஸ்டார்! கிறிஸ்துமஸ் அலங்காரத்தில் மீண்டும் வரும் பழைய ஸ்டைல்

காகிதத் தோரணம், காய வைத்த ஆரஞ்சு வில்லைகள், மரக்கிளை, வைக்கோல்... ‘நேச்சுரல் டெக்கர்’, ‘ரெட்ரோ கிறிஸ்துமஸ்’ என்று ரீல்ஸில் வலம் வருபவை இவை. பார்க்கப் புதுசாகத் தெரிந்தாலும், இதில் பாதி நம்ம தாத்தா, பாட்டி வீட்டில் ஏற்கெனவே இருந்ததுதான்.

தேனாம்பேட்டை கதீட்ரல் சாலைக்குப் பெயர் தந்த புனித ஜார்ஜ் பேராலயம் கட்டப்பட்டது 1815-ல். இரண்டு நூற்றாண்டுகளாக இந்த ஏரியாவில் கிறிஸ்துமஸ் நடக்கிறது. பிளாஸ்டிக் மரமும் தெர்மாகோலும் வந்து சில பத்தாண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முன்பு எப்படி அலங்கரித்தார்கள்? வாங்க, பார்க்கலாம்.

குடில்: 800 வருஷப் பழக்கம்

1223-ல் இத்தாலியின் கிரெச்சோ கிராமத்தில், புனித பிரான்சிஸ் அசிசியார் வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டி, நிஜ மாடு, கழுதையுடன் இயேசு பிறப்புக் காட்சியை அமைத்தார். இன்றைய குடிலுக்கு முன்னோடி அதுதான்.

தமிழ்நாட்டுக் குடில்களில் கூரைக்கு வைக்கோல், பாறைக்குக் கசக்கிய பிரவுன் பேப்பர், உள்ளே களிமண் சொரூபங்கள். மதுரை அருகே விளாச்சேரியில் நவராத்திரி கொலு பொம்மை செய்பவர்களே கிறிஸ்துமஸ் குடில் செட்டும் செய்கிறார்கள்.

புல்வெளி வேண்டுமா? கேழ்வரகு அல்லது கோதுமையை ஒரு ராத்திரி ஊற வைத்து, தட்டில் மண் பரப்பித் தூவுங்கள். முளைப்பாரி மாதிரிதான். டிசம்பர் 14, 15-ல் விதைத்தால் 24-ம் தேதி பச்சைப் பசேல் என்று இருக்கும். அன்று நள்ளிரவுதான் குழந்தை இயேசு சொரூபத்தைத் தொட்டிலில் வைப்பார்கள். மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 வரை குடில் இருக்கும்.

மரம்: பைன் இல்லாத ஊரில் சவுக்கு

கிறிஸ்துமஸ் மரம் ஜெர்மனி வழக்கம். விக்டோரியா ராணி குடும்பத்தோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்த பிறகு, ஆங்கிலேயர் மத்தியில் அது வேகமாகப் பரவியது.

சென்னையில் பைனுக்கு எங்கே போவது? கடற்கரையோரம் வளரும் சவுக்கின் கிளையை வெட்டி, ஈர மணல் நிரப்பிய வாளியில் நட்டார்கள். வாளியைச் சுற்றி கலர் பேப்பர், கிளை மேல் பனிக்குப் பதில் பஞ்சு. அவ்வளவுதான், மரம் ரெடி! சவுக்கில் ஊசி இலை போலத் தெரிவது உண்மையில் இலையே இல்லை, மெல்லிய பச்சைக் கிளைகள்.

ஸ்டார்: கணக்குப் பாடத்தில் பிறந்தது

பல முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும் காகித நட்சத்திரம், 1830-களில் ஜெர்மனியின் நீஸ்கி ஊரில் மொரேவியன் சபைப் பள்ளியில், மாணவர்களின் ஜியாமெட்ரி பயிற்சியாகத் தொடங்கியது. நம்ம ஊர் மடக்கு பேப்பர் ஸ்டாருக்கு அது தூரத்துச் சொந்தம். பழைய குண்டு பல்பு சூடாகும், காகிதத்துக்கு ஆபத்து. குறைந்த வாட் எல்.இ.டி. பல்பு போட்டால் கவலை குறைவு.

தெர்மாகோல் ஏன் வேண்டாம்?

அலங்காரத்துக்கான தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட பொருள். தயாரிப்பு, இருப்பு, விற்பனை மட்டுமல்ல, பயன்பாடும் தடையில் அடக்கம். குடிலுக்கு மலை செய்யும் ஷீட்டுக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குகளுக்கு 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது.

இதையும் கவனிங்க

* வீட்டில் பிளாஸ்டிக் மரம் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். உடையும் வரை வருஷா வருஷம் பயன்படுத்துவதே நல்லது.
* வைக்கோல் குடிலுக்குள் மெழுகுவர்த்தி கூடவே கூடாது.
* சவுக்குக் கிளை காய்ந்தால் சட்டென்று தீப்பிடிக்கும். மணல் எப்போதும் ஈரமாக இருக்கட்டும்.
* ஸ்டாரை மடித்து, ஈரம் படாமல் எடுத்து வையுங்கள். அடுத்த டிசம்பருக்கும் அதுவே போதும்!