அக்கரைப்பற்றிலிருந்து அக்கரப்பத்தனைக்கு

பத்திரிகை அலுவலகமொன்றின் செய்தி மேசையில் பணியாற்றிய காலத்தில் என்னை அடிக்கடி தடுமாற வைத்த இரு ஊர்ப்பெயர்கள் உண்டு. ஒன்று, கிழக்குக் கரையிலுள்ள எமது அக்கரைப்பற்று. மற்றது, நுவரெலியா மாவட்டத்து மலைகளுக்கிடையே கிடக்கும் அக்கரப்பத்தனை. தொலைபேசி இரைச்சலுக்கிடையே செய்தி கேட்டு எழுதிய அந்நாட்களில், கடலோரத்து வெள்ளம் மலைக்கு ஏறியதும், மலையகத்து வேலைநிறுத்தம் கடற்கரைக்கு இறங்கியதும் உண்டு. ஒலியால் இத்துணை நெருங்கிய இவ்விரு ஊர்களுக்கும் இடையே வேறேதும் உறவு உண்டா என்று அப்போது நான் சிந்தித்ததில்லை. சிந்திக்க வைத்தது பிள்ளைகளுடன் சென்ற ஒரு விடுமுறைப் பயணம்.

2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த வாரம். பிரித்தானியாவில் வாழும் மகள், தன் சிறு பிள்ளைகளுடன் ஸ்கொட்லாந்தின் நாட்டுப்புறத்தில் விடுமுறை கழித்த படங்களை அனுப்பியிருந்தாள். பனிமூட்டம் தவழும் குன்றுகள், ஏரிகள், கூரையற்றுச் சிதைந்து நின்ற ஒரு கல்வீடு. அவற்றைக் கண்ட இங்குள்ள பேரப்பிள்ளைகள் தாமும் ஸ்கொட்லாந்து போகவேண்டுமென அடம்பிடித்தனர். "நமக்கும் ஒரு ஸ்கொட்லாந்து இருக்கிறது, அதற்கு விசா வேண்டியதில்லை" என்றேன்.

எங்கள் ஊரின் ஊடாகச் செல்லும் ஏ-4 நெடுஞ்சாலையே அதற்கு வழி. கல்முனையையும் அக்கரைப்பற்றையும் கடந்து பொத்துவில் வரை கடலோரமாக வரும் அப்பாதை, பின்னர் மேற்கே திரும்பி, சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய எனச் சென்று, கொஸ்லாந்தையில் மலையேறி, பெரகலையை அடைகிறது. அங்கிருந்து ஹப்புத்தளை, வெலிமடை, நுவரெலியா. வளைவுகளில் தலைசுற்றிய பிள்ளைகளுக்குத் தேசிக்காயை முகரக் கொடுத்தபடி, கட்டுச்சோற்றுடன் வேனில் நாம் சென்ற வழி இதுவே.

நானுஓயாவையும் லிந்துலையையும் கடந்து அக்கரப்பத்தனைப் பக்கம் சென்றபோது, எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியிருந்த ஏழு வயதுப் பேத்தி பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்து வந்தாள். எடின்பரோ, கிளாஸ்கோ, வேவர்லி, பல்மோரல். "மூத்தவாப்பா, மெய்யாகவே ஸ்கொட்லாந்துக்கு வந்திட்டமா?" என்று கேட்டாள்.

அக்கேள்விக்கு விடை சொல்ல 1852ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும். அவ்வாண்டில்தான் விக்டோரியா மகாராணியின் கணவர் இளவரசர் அல்பேர்ட், ஸ்கொட்லாந்தின் அபர்டீன்ஷயரிலுள்ள பல்மோரல் மாளிகையை விலைக்கு வாங்கினார். அப்போது அத்தம்பதியருக்கு ஏழு பிள்ளைகள். ஆண்டுதோறும் அவர்களை அழைத்துச் சென்று, மலையேறியும் மான் வேட்டையாடியும் அரச குடும்பம் அங்கே விடுமுறை கழித்தது. அந்த நாட்களைப் பற்றிய தன் குறிப்புகளை 1868இல் மகாராணி நூலாக வெளியிட, அது பெருவிற்பனை கண்டது. ஸ்கொட்லாந்தின் மலைநாட்டில் குடும்பத்துடன் விடுமுறை கழிப்பது செல்வந்தரிடையே நாகரிகமாகப் பரவியதில் அரச குடும்பத்தின் பங்கு பெரிது.

அதே 1852இல், அபர்டீன்ஷயரை அடுத்துள்ள கின்கார்டின்ஷயரிலிருந்து பதினாறு வயதுப் பையன் ஒருவன் பிழைப்புத் தேடி இலங்கைக்கு வந்து சேர்ந்தான். அவனே ஜேம்ஸ் டெய்லர். கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரத் தோட்டத்தில் கோப்பிப் பயிரைக் கவனிக்க வந்த அவர், 1867இல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தொழிக்க, டெய்லரின் தேயிலை நாட்டின் பொருளாதாரத்தையே மாற்றியது. ஆயினும் அவர் பிறந்த மண்ணுக்கு ஒருமுறையேனும் திரும்பவில்லை. நாற்பதாண்டுச் சேவையில் அவர் எடுத்த ஒரேயொரு விடுமுறை 1874இல் என்பர். அதையும் டார்ஜிலிங் சென்று தேயிலைச் செய்கையைக் கற்பதிலேயே கழித்தார். 1892இல் வேலையிலிருந்து விலக்கப்பட்ட நிலையில் அங்கேயே நோயுற்று இறந்த அவரது உடலைக் கண்டி மஹையாவ மயானம் வரை தோள்மாற்றிச் சுமந்து சென்றவர்கள் தோட்டத் தொழிலாளர்களே.

டெய்லரைப் போன்று வந்து குவிந்த ஸ்கொட்லாந்துக்காரர்கள் பலர். 1890இல் ஹப்புத்தளைப் பகுதித் தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் கிளாஸ்கோவில் பிறந்தவர். 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகையை நெடுங்காலம் நடத்திய ஏ.எம். பெர்குசனும் ஸ்கொட்லாந்துக்காரரே. ஊர் நினைவு வாட்டிய இத்தகையோர், தாம் திரும்பிப் போக இயலாத ஊர்களின் பெயர்களை மலைகளின் மீது எழுதினர். இலக்கிய நாட்டமுடையோர் சேர் வோல்டர் ஸ்கொட்டின் நாவலை நினைந்து வேவர்லி என்றும், அவரது இல்லத்தை நினைந்து அபொட்ஸ்போர்ட் என்றும் பெயரிட்டனர். பல்மோரல் என்ற பெயர் அக்கரப்பத்தனைக்கு வந்ததும் இப்படித்தான்.

ஆனால் பெயர் எழுதியவர்கள் மலையைத் திருத்தியவர்கள் அல்லர். திருச்சி, தஞ்சை, மதுரை, திருநெல்வேலி, சேலம் ஆகிய மாவட்டங்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்டு, கங்காணிகளின் பின்னே வந்தவர்கள் மன்னார்க் கரையிறங்கிக் காட்டுவழியே கால்நடையாக மலையேறினர். வழியிலே மாண்டோர் பலர். எஞ்சியோர் காடழித்து, கான்வெட்டி, செடி நட்டு, லயங்களில் முடங்கினர். அவர்களும் தம் வாய்க்கிசைந்த தமிழ்ப் பெயர்களைத் தோட்டங்களுக்கு இட்டு வழங்கினர். ஹட்டன் அருகே மல்லியப்பு என்ற பெயர் இன்றும் வழக்கிலுள்ளது. ஆயினும் உறுதிகளில் ஏறியவை ஆங்கிலப் பெயர்களே.

தோட்டத் தமிழில் ஒரு நாள் வேலைக்குரிய கணக்கைப் 'பேர்' என்பர். நிறையைக் கொழுந்து எட்டாவிட்டால் 'அரைப்பேர்'. துரைமாரின் ஊர்ப்பெயர் மலைக்கு நிலையாயிற்று. தொழிலாளியின் பேரோ அன்றாடம் பிரட்டுக் களத்தில் பிறந்து மாலையில் கணக்குப் புத்தகத்தில் அடங்கிப்போயிற்று. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களைக் கேளாமலேயே 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சிய நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேற 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

வேனை நிறுத்தி ஒரு லயத்தருகே தேநீர் அருந்தினோம். பிள்ளைகள் அங்குள்ள பிள்ளைகளுடன் சற்று நேரத்திலேயே விளையாடத் தொடங்கிவிட்டனர். திரும்பி வந்த பேத்தி, நீண்ட அந்தக் கட்டடத்தைக் காட்டிக் கேட்டாள்: "இந்த வீடு எந்த உம்மாட பேர்ல இருக்கு?"

வெளியூர் வாசகர்களுக்கு இக்கேள்வி விநோதமாகப் படலாம். எங்கள் கரையில், முஸ்லிம்களிடையேயும் தமிழர்களிடையேயும், குடிவழி தாய்வழியே வருவது. திருமணத்தில் வீடு பெண்ணின் பெயருக்கே எழுதப்படுவது. எனவே வீடென்று ஒன்றிருந்தால் அது ஓர் உம்மாவுடையதாகவே இருக்கவேண்டும் என்பது அவளது உலக அறிவு. தேநீர் தந்த பெண் சிரித்தார். "யாரு பேருலயும் இல்லம்மா, தோட்டத்து வீடு" என்றார். அவருடைய தாயும் பாட்டியும் அந்த லயத்திலேயே பிறந்தவர்களாம்.

மகளின் படத்திலிருந்த சிதைந்த கல்வீடு அப்போது நினைவுக்கு வந்தது. ஸ்கொட்லாந்தின் மலைநாட்டிலும், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கிப் பல்லாண்டுகளாக, ஆட்டுப் பண்ணைகளுக்காகக் குடியானவர்கள் பரம்பரை நிலங்களிலிருந்து அகற்றப்பட்டனர். விடுமுறைக்குச் செல்வோர் இன்று வியக்கும் அந்த வெறுமையான அழகில், விரட்டப்பட்டோரின் அடுப்புக் கற்களும் கிடக்கின்றன. அங்கே ஆட்களை அகற்றி அழகு பிறந்தது. இங்கே ஆட்களைக் கொண்டுவந்து குவித்து அழகு பிறந்தது. இரண்டிலும் நிலம் அவர்களுடையதாக இருக்கவில்லை.

திரும்பும் வழியில், கொஸ்லாந்தையில் இறங்குகையில் பிள்ளைகள் உறங்கிவிட்டனர். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, அவ்வூரின் மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் சிலர் தப்பினர். வீட்டிலிருந்த பெற்றோரை இழந்தனர். அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது. வேறிடம் செல்ல அவர்களுக்கு நிலம் ஏது? 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஏறி வந்தபோது அம்பாறைக் கரையில் நாம் பட்டதும் பெருந்துயரே. எனினும், அழிந்த வீட்டிருந்த மண் என்னுடையது என்று சொல்ல எம்மிற் பலருக்கு ஓர் உறுதியாவது இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மலையகச் சரிவுகள் மீண்டும் பெயர்ந்து உயிர்களைக் காவுகொண்ட செய்திகளை வாசித்தபோது, அந்தத் தேநீர் தந்த பெண்ணின் பதிலே முதலில் காதில் ஒலித்தது.

பிள்ளைகளை மலைநாட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். நீர்வீழ்ச்சியைக் காட்டுங்கள், புகையிரதத்தில் ஏற்றுங்கள். கூடவே, பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருப்பவர்கள் யாரென்றும் சொல்லிக் கொடுங்கள். என் பேத்தி இப்போது பெரிய வகுப்பில் படிக்கிறாள். அக்கரைப்பற்றையும் அக்கரப்பத்தனையையும் அவள் ஒருபோதும் குழப்பிக்கொள்வதில்லை. ஒன்றில் வீடு உம்மாவின் பேரில் இருக்கிறது. மற்றதில் இன்னும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.