ஜிப்சம் படுகையும் தார்ப் பாலையின் நீர் வரலாறும்

ஜைசல்மேர் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை 200 மில்லிமீட்டரை எட்டுவதில்லை. நிலத்தடி நீர் மிக ஆழத்தில் இருக்கிறது. கிடைப்பதும் பெரும்பாலும் உவர்நீர். இத்தகைய நிலத்தில் கோதுமையும் கொண்டைக்கடலையும் பல நூற்றாண்டுகளாக விளைந்துவந்தன. மழையின் அளவை மட்டும் கொண்டு பாலையின் வரலாற்றை எழுத முடியாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

தார்ப் பாலையின் மக்கள் நீரை மூவகையாகப் பிரித்தனர். மழையாக நிலத்தின்மேல் ஓடித் தேங்குவது பாலர் பாணி. ஆழ்கிணற்றில் கிடைப்பது பாதாள் பாணி. இவ்விரண்டுக்கும் இடையே மணலில் ஈரமாக மட்டும் தங்கியிருப்பது ரேஜாணி பாணி. இப்பகுப்பு வெறும் சொல்வழக்கு அன்று. ஒவ்வொரு வகை நீருக்கும் தனித்தனிக் கட்டுமானம் இருந்தது.

பாலர் பாணிக்கு உரியது கடீன். 15ஆம் நூற்றாண்டளவில் பாலிவால் பிராமணர்கள் இதை வளர்த்தெடுத்ததாகக் கூறுவர். பாறை மேட்டில் பெய்யும் மழை சரிந்து வந்து தாழ்நிலத்தில் சேரும். அதன் குறுக்கே நீண்ட மண்கரை எழுப்பி, மிகைநீர் வெளியேறக் கலிங்கும் அமைப்பர். தேங்கிய நீர் மண்ணில் ஊறி அடங்கிய பின், குளிர்காலத் தொடக்கத்தில் அந்நிலத்திலேயே விதைப்பர். அடுத்த மழையை எதிர்பாராமல், மண்ணிலுள்ள ஈரத்தைக் கொண்டே பயிர் முற்றும். நீருடன் வந்த வண்டல் உரமாகும். மண்ணின் உப்பு கசிவுநீரோடு கீழிறங்கும். விளைநிலத்தைப்போல் பன்மடங்கு பரப்புள்ள நீர்பிடிப்பு நிலம் தேவைப்பட்டதால், மேட்டுநிலத்தைப் பயிரிடாமல் விடுவது இம்முறையின் அடிப்படை விதியாக இருந்தது. மேய்ச்சலும் அதனால் பிழைத்தது.

ரேஜாணி பாணிக்கு உரியது குயீ எனும் குறுங்கிணறு. பிகானேர், சூரு, ஜைசல்மேர், பார்மேர் பகுதிகளில் சில இடங்களில் மணலுக்குக் கீழே ஜிப்சம் கலந்த இறுகிய படுகை உண்டு. மணலில் இறங்கும் மழைநீரை அது தாங்கிப் பிடித்து, அடியிலுள்ள உவர்நீரோடு கலவாமல் காக்கிறது. குயீயின் வாய் மிகக் குறுகியது. நாளெல்லாம் ஊறுவது சில குடங்களே. அகன்ற கிணற்றில் அது அடித்தரையில் பரவி ஆவியாகிவிடும். குயீ தனிக் குடும்பத்தின் உடைமை, அது அமைந்த நிலமோ ஊர்ப் பொது. ஆகவே புதிய குயீ தோண்ட ஊரின் இசைவு வேண்டியிருந்தது. பொது ஈரத்தில் ஒருவர் எடுக்கும் பங்கு மற்றவர்களின் பங்கைக் குறைக்கும் என்பது அவ்வூர்களுக்குத் தெரிந்திருந்தது.

1899–1900 பஞ்சம் இவ்வுலகின் எல்லையைக் காட்டியது. தொடர்ந்து மழை பொய்த்தபோது எந்தச் சேமிப்பும் போதவில்லை. பிகானேர் மன்னர் கங்கா சிங் சட்லெஜ் நீரைக் கொண்டுவந்த கங்கைக் கால்வாய் 1927இல் திறக்கப்பட்டது. விடுதலைக்குப் பின், பொறியாளர் கன்வர் சென் வகுத்த திட்டத்தின் வழியே, ஹரிகே அணையிலிருந்து ராஜஸ்தான் கால்வாய் 1958இல் தொடங்கப்பட்டது. பின்னாளில் அது இந்திரா காந்தியின் பெயரைப் பெற்றது. கால்வாய் பல லட்சம் மக்களுக்குக் குடிநீரும், தரிசாகக் கிடந்த நிலத்துக்கு இரு போகமும் தந்தது. இதை மறுப்பவர் பாலையின் பஞ்சங்களை மறந்தவராவர்.

ஆயினும் கால்வாய்ப் பாசனப் பகுதியில் பல இடங்களில் நிலம் நீர்தேங்கி உவர்ப்பட்டது. காரணங்களுள் முதன்மையானது, மண்ணுக்கடியில் ஆழமின்றிக் கிடந்த ஜிப்சமும் களியும் கலந்த இறுகிய படுகை. மிகுதியாகப் பாய்ச்சிய நீர் கீழிறங்க வழியின்றித் தேங்கி, உப்பைக் கரைத்து மேலே கொண்டுவந்தது. குறைந்த நீரைப் பரந்த நிலத்துக்குப் பகிரும் நோக்கில் திட்டம் வகுக்கப்பட்டிருந்தும், தலைப்பகுதியில் நீர் மிகுந்த பயிர்கள் பரவின, கடைமடை காய்ந்தது. 2004இல் கட்சானாப் பகுதி உழவர்கள் நீருக்காகப் போராடியபோது, காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. சேவண் புல் விளைந்த மேய்ச்சல் நிலங்கள் வயல்களாகப் பட்டாவானபோது மந்தை வளர்த்தோர் இழந்ததற்கு இழப்பீட்டுக் கணக்கே இருக்கவில்லை.

குயீயில் நன்னீரைக் காத்ததும், கால்வாய் வயலை உவராக்கியதும் ஒரே வகைப் படுகைதான். முன்னது நீரின் அளவைப் படுகையின் இயல்புக்கு ஏற்ப அமைத்துக்கொண்டது. பின்னது நிலத்தைக் கொள்கலனாக மட்டும் கருதியது. இதைப் பழமையின் வெற்றி என்று சுருக்குவதும் பிழை. கடீன் விளைச்சலில் அரசுக்குப் பங்கு உண்டு. குயீ தோண்டிய கைவினைஞர் பிற்காலத்தில் வெறும் கூலியாளராகக் குறுக்கப்பட்டனர். பாலிவால்களின் குல்தாரா 19ஆம் நூற்றாண்டில் ஆளற்றுப் போனது. கரையைப் பேணும் சமூகம் சிதறினால் கரையும் நில்லாது.

அளந்து எடுக்கும் ஒழுங்கைப் பஞ்சம் தாங்கும் கால்வாயோடு இணைப்பதற்கான நிறுவனம் இன்னும் உருவாகவில்லை. தார்ப் பாலையின் நீர் வரலாற்றில் எழுதப்படாத பகுதி அதுவே.