மாயூரத்து முன்சீபும் நந்தனார் பாடிய பாரதியும்



ஜூபிலி விழா இரவில் நம் மேடையில் பாடப் பக்கத்து ஊர் ஓதுவார் ஒருவரை அழைக்கலாமா என்று பங்குப் பேரவையில் கேள்வி எழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். "நம் கோயில் மேடையில் நம்மவர் பாடினால் போதாதா, சாமி?" என்று கேட்டவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. அன்று நான் அதிகம் பேசவில்லை. பேச நினைத்ததை இந்த மலரில் எழுதுகிறேன்.

இன்று மயிலாடுதுறை என வழங்கும் ஊரை மாயவரம் என்றும் மாயூரம் என்றும் சொல்லிவந்த காலம் அது. அந்தப் பக்கம் பாட்டுக்குப் பேர்போன பூமி. முத்துத் தாண்டவர் சீர்காழிக்காரர். அருணாசலக் கவிராயரும் அங்கே வாழ்ந்து, 18ஆம் நூற்றாண்டிலேயே இராம நாடகத்தைக் கீர்த்தனைகளாகப் பாடி வைத்தவர். இந்த மண்ணுக்கு மாவட்ட முன்சீபாக வந்து சேர்ந்தார் நம் கத்தோலிக்கர் வேதநாயகம் பிள்ளை. 1826இல் திருச்சியை அடுத்த குளத்தூரில் பிறந்தவர். 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' அவருடையது என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்லுவார்கள். அவர் கீர்த்தனை பாடியவர் என்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

அப்போது மாயூரத்தில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, சைவர், தலபுராணங்கள் பாடிக் குவித்தவர். மற்றவர் கோபாலகிருஷ்ண பாரதியார், அந்தணர், மணம் செய்துகொள்ளாதவர், 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' பாடியவர். மூவரும் ஒரே மேடையில் உட்கார்ந்து கச்சேரி செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே ஊரில், ஒருவர் பாட்டை மற்றவர் கேட்டு வாழ்ந்தார்கள்.

எல்லாம் சுமுகமாக இருந்தது என்றும் எண்ண வேண்டாம். நந்தனார் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு மகாவித்துவானிடம் போனார் பாரதியார். அவரோ இலக்கணப் பிழை மலிந்திருக்கிறது என்றும், கதை பெரிய புராணத்தில் உள்ளபடி இல்லை என்றும் தட்டிக் கழித்தார். கதை மாறியிருந்தது உண்மையே. நந்தனாரைத் தில்லைக்குப் போகவிடாமல் தடுக்கும் வேதியர் பண்ணையார் சேக்கிழாரிடம் கிடையாது. பாரதியார் படைத்த பாத்திரம் அவர். ஓர் அந்தணரே இப்படிப் பாடினார் என்பது சிறிய காரியமா? நம் கோயில்களிலும் சாதிக்கொரு பக்கமாக உட்கார்ந்து பூசை கண்ட காலம் அது என்பதை நாமும் மறைக்க வேண்டாம்.

பாரதியார் விடவில்லை. பலமுறை நடந்தார். ஒருநாள் மகாவித்துவான் உள்ளே உறங்கிக்கொண்டிருக்க, இவர் திண்ணையில் உட்கார்ந்து தம் கீர்த்தனையைத் தமக்குத் தாமே பாடினாராம். விழித்துக் கேட்டவர் உருகிப்போனார், பாயிரமும் கிடைத்தது. இதை எழுதி வைத்தவர் உ. வே. சாமிநாதையர். அவர் 1871இல் மகாவித்துவானிடம் தமிழ் படிக்க மாயூரம் வந்தவர். பாரதியாரிடம் கொஞ்ச நாள் சங்கீதமும் கற்றுக்கொண்டார். அது மகாவித்துவானுக்குத் தெரிந்ததும், பாட்டில் மனம் போனால் படிப்பில் மனம் நில்லாது என்றார். மறுநாளே பாட்டு வகுப்பு நின்றது! செமினரியில் ஆர்மோனியத்தைத் தொட்டு இதே பேச்சை வாங்கியவன் என்பதால், இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்த மகாவித்துவான்தான் கத்தோலிக்க முன்சீபைப் பாட்டுடைத் தலைவராக்கிக் 'குளத்துக் கோவை' பாடினார். முன்சீபும் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர்மேல் செய்யுள் பாடினார். இதனால் எவரும் தம் வேதத்தை விட்டுவிடவில்லை. 'தேவமாதா அந்தாதி' பாடியதும் வேதநாயகம் பிள்ளையின் அதே கைதான்.

1876இல் மகாவித்துவான் காலமானார். அந்த ஆண்டே தாது வருஷப் பஞ்சம் தொடங்கி 1878 வரை நாட்டை வாட்டியது. வேதநாயகம் பிள்ளை 1872இலேயே உத்தியோகத்தை விட்டிருந்தார். கையிலிருந்த பணத்தை எடுத்துப் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார். பஞ்சம் தீர வேண்டுமென்று ஆண்டவரிடம் முறையிட்டுக் கீர்த்தனையும் பாடினார். கஞ்சிக்கு வந்தவனிடம் அவர் வேதம் கேட்கவில்லை. இதையெல்லாம் கண்ணால் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார் அவரை மேருமலைக்கு ஒப்பிட்டுப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார். சிவனைப் பாடிய வாய் ஒரு கிறிஸ்தவரைப் பாடியது.

1878இல் பிள்ளையின் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' வெளிவந்தது. எந்தச் சமயத்தாரும் மனம் கோணாமல் பாடும்படி இறைவனைப் போற்றும் பாடல்கள் அதில் உண்டு. லஞ்சம் வாங்கும் உத்தியோகஸ்தர்களைச் சாடும் பாடல்களும் உண்டு. முன்சீபாக இருந்தவர் அல்லவா, உள்விவரம் தெரியும். கர்நாடக சங்கீத வித்துவான்கள் அந்தப் பாடல்களைக் கச்சேரிகளில் பாடினார்கள். நமக்கென்றே அவர் பாடி வைத்த 'சத்திய வேதக் கீர்த்தனை' மட்டும் நம்மிடமே ஒதுங்கிக் கிடக்கிறது. நம் பாடகர் குழுவின் அலமாரியை நானே குடைந்து பார்த்தேன். அதில் ஒரு பிரதிகூட இல்லை.

விழா இரவில் ஓதுவார் ஐயா வருகிறார். தாமே விரும்பிச் சமரசக் கீர்த்தனையில் இரண்டு பாடல் பாடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவருக்குப் பின் நம் பிள்ளைகள் சத்திய வேதக் கீர்த்தனையில் ஒன்றைப் பாடுவார்கள். புத்தகத்தை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கி, பாட்டை நானே கையால் படியெடுத்துக் கொடுத்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அது என்னுடையது.