அம்பாசடர் காலத்துப் பெட்ரோல் முள் ஏன் பொய் சொல்கிறது?

சேலத்திலிருந்து அரூர் போகும் சாலை, சேர்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே மஞ்சவாடி கணவாயில் ஏறி இறங்கி பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்துக்குள் நுழைகிறது. அம்பாசடர் டாக்ஸி ஓடிய காலத்தில் இந்தப் பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் சேலம்தான். பிரசவமோ பாம்புக்கடியோ, ஒரு வாடகைக் காரைப் பிடித்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கணவாய் ஏற வேண்டும். அப்படிப்பட்ட நேரத்தில் டிரைவரின் கண் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று ரோடு. இன்னொன்று டேஷ்போர்டில் இருக்கும் சின்னஞ்சிறு பெட்ரோல் முள்!

வேடிக்கை என்னவென்றால், அனுபவப்பட்ட டிரைவர்கள் அந்த முள்ளை முழுசாக நம்புவதே இல்லை. ஸ்பீடாமீட்டரை நம்புவார்கள், ஆயில் விளக்கை நம்புவார்கள். பெட்ரோல் முள்ளை மட்டும் "அது சும்மா காட்டும்" என்று ஒதுக்கிவிடுவார்கள். உண்மையில் அது சும்மா காட்டவில்லை. அது சொல்லும் ஒவ்வொரு பொய்க்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் தெரிய வேண்டுமானால், இந்த முள் எப்படிப் பிறந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

குச்சியில் தொடங்கிய கணக்கு

1908ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் பெட்ரோல் கேஜ் கிடையாது. டேங்க் முன் சீட்டுக்கு அடியில் இருந்தது. எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? சீட்டைத் தூக்கு, மூடியைத் திற, அளவுக் குச்சியை விடு. குச்சி எதுவரை நனைந்திருக்கிறதோ அதுதான் கணக்கு. நம் ஊர் லாரிக்காரர்கள் டீசல் டேங்கில் குச்சி விட்டுப் பார்ப்பதும் இதே முறைதான். குச்சி பொய் சொல்லாது. ஆனால் ஓடும்போது பார்க்க முடியாது.

1927 கடைசியில் வந்த மாடல் ஏ காரில் டேங்க் டேஷ்போர்டுக்குப் பின்னாலேயே இருந்தது. டேங்குக்குள் மிதக்கும் மிதவையே நேராக அளவுத் தட்டைத் திருப்பியது. வயரும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஆனால் பயணிகளின் முழங்காலுக்கு முன்னால் பெட்ரோலை வைத்துக்கொண்டு ஓட்டுவது எவ்வளவு ஆபத்து! பிறகு டேங்க் காரின் பின்பக்கம் போனது. முள்ளோ முன்னால் டேஷ்போர்டிலேயே நின்றுவிட்டது. இந்த இடைவெளியில் செய்தியைக் கொண்டுபோக மின்சாரம் தேவைப்பட்டது. பெட்ரோல் முள்ளின் பொய்கள் பெரும்பாலும் இங்கேதான் பிறந்தன.

எல்லா கம்பெனிகளும் உடனே முள்ளை நம்பிவிடவும் இல்லை. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில் 1961 வரை பெட்ரோல் கேஜே கிடையாது. வண்டி திணறியதும் ஒரு குழாயைத் திருப்பி ரிசர்வுக்கு மாற்ற வேண்டும். புல்லட் ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை.

நம் நாட்டுக்கு வந்த முள்

தமிழ்நாட்டில் பெட்ரோல் கணக்கு எப்போதும் கவலை தரும் விஷயமாகவே இருந்திருக்கிறது. 1912ல் மதுரையில் பஸ் ஓட்டத் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனம், இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது கரியிலிருந்து வாயு எடுத்து வண்டி ஓட்டும் கேஸ் பிளான்ட்டைத் தயாரித்தது. பெட்ரோலையே விட்டுவிட்டு ஓடப் பார்த்த காலம் அது!

சுதந்திரத்துக்கு முன்பிருந்தே ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் பாகங்களை இறக்குமதி செய்து இங்கே பூட்டி விற்றுவந்தன. உள்நாட்டிலேயே தயாரிக்கும் திட்டம் உள்ளவர்களுக்குத்தான் இனி இடம் என்று 1953ல் அரசு முடிவு செய்ததும் இரண்டும் கிளம்பிவிட்டன. மிஞ்சியது சில கார்கள்தான். வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை வைத்து 1957ல் அம்பாசடரைக் கொண்டுவந்தது. பம்பாயில் பிரீமியர் நிறுவனம் இத்தாலியின் ஃபியட்டைச் செய்தது. அதுவே பிறகு பத்மினி ஆனது. நம் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961லிருந்து ஹெரால்டு காரைச் செய்தது.

கார்களோடு டேஷ்போர்டு மீட்டர்களின் தொழில்நுட்பமும் வந்தது. பாகங்களும் மெல்ல மெல்ல உள்ளூர்மயமாயின. சென்னை பாடியில் 1961ல் லூகாஸ் டி.வி.எஸ். தொடங்கி கார்களுக்கான மின்சாதனங்களைச் செய்தது. 1970களில் கோயம்புத்தூரில் ப்ரிக்கால் நிறுவனம் வாகன மீட்டர்களைத் தயாரிக்கத் தொடங்கியது. அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றுபோனது. ஐம்பது வருடத்துக்கும் மேல் ஓடிய ஒரு மாடலில் எத்தனை கை மாறியிருக்கும், எத்தனை பாகம் மாறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பழைய காரின் கேஜில் வரும் குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு வகை முள்

டேங்குக்குள் இருப்பது எளிமையான விஷயம்தான். ஒரு மிதவை, அதைத் தாங்கும் கம்பி, அந்தக் கம்பி நகரும்போது மின்தடையைக் கூட்டிக் குறைக்கும் ஒரு சுருள். மெக்கானிக்குகள் இதை டேங்க் யூனிட் என்பார்கள். டேஷ்போர்டில் இருக்கும் கேஜ்தான் இரண்டு வகை.

முதல் வகையில் இரண்டு காந்தச் சுருள்கள் ஆளுக்கொரு பக்கம் முள்ளை இழுக்கும். பேட்டரி பலம் கூடினாலும் குறைந்தாலும் இரண்டு சுருளும் சேர்ந்தே கூடிக் குறைவதால் கணக்கு மாறாது. ஆனால் சாவியைத் திருப்பியதும் முள் படக்கென்று எழும். வளைவில் பெட்ரோல் அலம்பினால் முள்ளும் கூடவே ஆடும். கணவாய் ரோட்டில் இந்த முள்ளைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இந்த ஆட்டத்தை நிறுத்தும் இரண்டாவது வகை 1960களில் பிரிட்டிஷ் கார்களில் பரவியது. இதில் இரண்டு உலோகத்தை ஒட்டிய தகடு ஒன்று மின்சாரத்தில் சூடாகி வளையும். அதனால் முள் மெதுவாக, அரை நிமிடம் எடுத்துக்கொண்டு எழும். ஆட்டம் போயிற்று. ஆனால் பேட்டரி பலம் மாறினால் சூடும் மாறும், அளவும் மாறும். அதற்காகவே வோல்ட்டேஜ் ஸ்டெபிலைசர் என்ற சின்னப் பெட்டியைச் சேர்த்தார்கள். அது மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பி, சராசரியாக 10 வோல்ட் போல ஆக்கிவிடும்.

இன்னொரு முக்கியமான வித்தியாசம். முதல் வகையில் டேங்க் காலி என்றால் மின்தடை கிட்டத்தட்ட பூஜ்யம், நிறைந்தால் சுமார் 80, 90 ஓம். இரண்டாவது வகையில் தலைகீழ்! காலி என்றால் 240 ஓம் போல, நிறைந்தால் 30 ஓம் போல. ஒன்றின் டேங்க் யூனிட்டை இன்னொன்றின் கேஜோடு சேர்த்தால் முள் நேர் எதிராகக் காட்டும். கையில் கிடைத்ததைப் பூட்டிய பழைய கார்களில் இப்படி நடப்பதுண்டு.

பொய்யைப் பிடிப்பது எப்படி?

முதலில் டெம்பரேச்சர் முள்ளைப் பார்க்க வேண்டும். இரண்டாவது வகை கேஜ் உள்ள காரில் பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே அதிகமாகக் காட்டினால் குற்றவாளி ஸ்டெபிலைசர்தான். அதற்கு எர்த் சரியாக இல்லாவிட்டாலும், உள்ளே பாயின்ட் ஒட்டிக்கொண்டாலும் பேட்டரியின் முழு வோல்ட்டேஜும் போய்விடும். இரண்டு முள்ளும் சேர்ந்து படுத்துக்கொண்டாலும் அந்தப் பெட்டியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் முள் மட்டும் தவறு என்றால் டேங்க் பக்கம் போக வேண்டும். சாவியை அணைத்துவிட்டு, டேங்க் யூனிட்டில் இருக்கும் வயரைக் கழற்றி பாடியில் நல்ல எர்த்தில் சேர்த்துவிட்டு, பிறகு சாவியைப் போட்டுக் கொஞ்ச நேரம் மட்டும் பார்க்க வேண்டும். (டேங்கைத் திறந்து வைத்துக்கொண்டு இதைச் செய்யவே கூடாது. ஒரு பொறி போதும்!) முதல் வகை கேஜ் காலிக்கு வரும். இரண்டாவது வகை நிறைவுக்கு ஏறும். அப்படி நடந்தால் கேஜும் வயரும் நல்லது, கோளாறு டேங்கில். நடக்காவிட்டால் கோளாறு வயரில் அல்லது கேஜில்.

டேங்கில் என்னென்ன கெடும்? பித்தளை மிதவையில் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்தால் அது மூழ்கிவிடும். எவ்வளவு ஊற்றினாலும் முள் காலியிலேயே இருக்கும். மிதவையைக் கழற்றி ஆட்டினால் உள்ளே சத்தம் கேட்கும். சுருள் ஒரே இடத்தில் தேய்ந்தால் அந்த இடம் வரும்போதெல்லாம் முள் குதிக்கும். முழு டேங்க் போடாமல் அஞ்சு லிட்டர், பத்து லிட்டர் என்று போட்டு ஓட்டிய வண்டியில் கீழ்ப்பாதிதான் முதலில் தேயும்.

மிகவும் ஏமாற்றுவது துரு. டேங்குக்கும் பாடிக்கும் நடுவே துரு ஏறினால் எர்த் கெட்டு, மின்தடை கூடிவிடும். இரண்டாவது வகை கேஜில் தடை கூடினால் முள் இறங்கும். பெட்ரோல் இருக்கும்போதே "இல்லை" என்று சொல்லும். இது தொல்லைதான், ஆனால் ஆபத்தில்லை. முதல் வகையில் தடை கூடினால் முள் ஏறும். பெட்ரோல் தீர்ந்துகொண்டிருக்கும்போது "இருக்கிறது" என்று சொல்லும்! ஒரே துரு ஒரு காரைப் பயந்தாங்கொள்ளியாகவும் இன்னொரு காரைப் புளுகனாகவும் ஆக்குகிறது. நடுக்காட்டில் ஆளை நிறுத்துவது அந்தப் புளுகன்தான். இத்தனைக்கும் மருந்து ஒரு துண்டு வயர். டேங்கிலிருந்து பாடிக்குத் தனியாக ஒரு எர்த் இழுத்துவிட்டால் போதும்.

கால் டேங்க் என்றால் எவ்வளவு?

எல்லாம் சரியாக இருந்தாலும் ஒன்று மிஞ்சும். டேங்க் நேரான டப்பா இல்லை. மேலும் கீழும் அகலம் மாறும். அதனால் முள்ளில் பாதி என்பது லிட்டரில் பாதி அல்ல. ஏற்றத்தில் பெட்ரோல் பின்னால் சாயும், மிதவையும் இடம் மாறும்.

அம்பாசடர் டேங்க் 54 லிட்டர். கால் டேங்க் என்றால் 13.5 லிட்டர். லிட்டருக்கு 9 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 120 கிலோமீட்டர் வருகிறது. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சேலம் போய்த் திரும்பும் தூரம் அதற்குள் அடங்கிவிடும். கால் டேங்க் பொய் என்பது ஒரு முழுப் பயணத்தின் பொய்!

அதனால் டேங்கைக் காலி செய்து, பங்கில் அளந்து ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு முறையும் முள் எங்கே நிற்கிறது என்று ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொள்வதே நல்ல வழி.

இன்றைய பெட்ரோலும் பழைய மிதவையும்

இந்தக் கதைக்குப் புதிதாக ஒரு அத்தியாயமும் சேர்ந்திருக்கிறது. 2023லிருந்து 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் இந்திய பங்குகளுக்கு வரத் தொடங்கி, 2025க்குள் நாடு முழுவதும் பரவிவிட்டது. மிகப் பழைய கார்களில் மிதவை கார்க்கால் ஆனது. அதன் மேல் அரக்குப் பூச்சு பூசியிருப்பார்கள். அரக்கு பெட்ரோலில் கரையாது. ஆனால் எத்தனாலில் கரைந்துவிடும். பூச்சு போனால் கார்க் ஊறிக் கனத்து இறங்கும், முள்ளும் இறங்கும். எத்தனால் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், அதிகம் ஓடாமல் நிற்கும் வண்டியின் இரும்பு டேங்கில் துரு சீக்கிரம் பிடிக்கும். முன்பு சரியாக இருந்த கேஜ் இப்போது திடீரென்று பொய் சொன்னால் மிதவையையும் எர்த்தையும் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

குச்சியிலிருந்து மிதவைக்கும், மிதவையிலிருந்து மின்சாரத்துக்கும் வந்த ஒவ்வொரு படியிலும் ஒரு வசதி கூடியது, ஒரு நிச்சயம் குறைந்தது. எந்தப் படியில் எது குறைந்தது என்று தெரிந்தவருக்குப் பொய் சொல்லும் முள்ளும் பயன்படும். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பார்கள் நம் பெரியவர்கள். டேங்கில் போடுவதையாவது அளந்து போட வேண்டாமா?