எலும்புத் துண்டிலிருந்து காலெலும்பின் நீளம் கணித்தல்

முழு எலும்பு கிடைக்காதபோது, கிடைத்த துண்டை அளந்து தொடை எலும்பு அல்லது கீழ்க்கால் எலும்பின் (டிபியா) நீளத்தையும், அதன்வழி இறந்தவரின் உயரத்தையும் கணிக்கும் தடய மானுடவியல் முறை. நாயும் நரியும் முதலில் கடிப்பது எலும்பின் மென்மையான முனைகளைத்தான். காட்டோரத்தில் கிடக்கும் எலும்பு பெரும்பாலும் முனையிழந்தே கிடைப்பதால் இம்முறை தேவைப்படுகிறது.

முழு எலும்பிலிருந்து உயரம் காணும் வழியை 1888இல் பிரான்சின் ரோலேயும் 1899இல் இங்கிலாந்தின் கார்ல் பியர்சனும் வகுத்தனர். இந்தியாவில் பான் (1924), நாட் (1931) ஆகியோரின் அளவீடுகள் பழமையானவை. தமிழகத்தில் ஆதிச்சநல்லூர் எலும்புகள் குறித்து சக்கர்மன் 1930இல் எழுதியது மண்டையோடுகளைப் பற்றி மட்டுமே.

துண்டுக் கணக்கைத் தொடங்கியவர் ஜெர்மன் மொழியில் எழுதிய கெர்ட்ரூட் முல்லர் (1935). கீழ்க்கால் எலும்பை ஏழு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் முழு நீளத்தில் எத்தனை சதவீதம் என்று காட்டினார். தொடை எலும்பை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அக்குறையை அமெரிக்காவின் ஸ்டீல், மெக்கெர்ன் இருவரும் 1969இல் மெசோஅமெரிக்கப் பழங்கால எலும்புகளைக் கொண்டு தீர்த்தனர். அடுத்த ஆண்டே ஸ்டீல் டெர்ரி எலும்புத் தொகுப்பை அளந்து, தொடை எலும்பை ஐந்து குறிகளால் நான்கு துண்டாக்கினார். எலும்பின் பின்புறம் நடுவே ஓடும் முகடு கீழே இரண்டாகப் பிரிந்து முக்கோணப் பரப்பொன்றை விடும். அப்பரப்பின் மேல்முனை அக்குறிகளில் ஒன்று. விரலால் தடவினால் முகடு நன்றாகவே தட்டுப்படும். ஆனால் அது பிரியும் புள்ளியை இருவர் ஒரே இடத்தில் குறிப்பது அரிது. இதைச் சுட்டிய சிம்மன்ஸ், ஜான்ட்ஸ், பாஸ் மூவரும் 1990இல் குறிகளைக் கைவிட்டு, முனைகளின் தெளிவான அளவுகளுக்கு மாறினர்.

துண்டிலிருந்து நீளம், நீளத்திலிருந்து உயரம் என இரு படிகளிலும் பிழை சேரும். 1952இல் ட்ராட்டரும் கிளெசரும் தந்த புகழ்பெற்ற சூத்திரங்களுக்காகக் கீழ்க்கால் எலும்பை அளந்தபோது உட்கணுக்கால் முனை விடுபட்டதென 1994இல் ஜான்ட்ஸ் குழுவினர் வாதிட்டனர். ஓரினத்தாருக்கான சூத்திரம் மற்றோரினத்தாருக்குப் பொருந்துமா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. பொருந்தாது என்போரே மிகுதி.

இந்தியாவில் மைசோரேக்கர் குழுவினர் 1980இல் தொடை எலும்பின் கீழ்முனையை ஆராய்ந்தனர். தென்னிந்தியத் தொடை எலும்புகளுக்கான ஆய்வுகள் 2012, 2013ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன.

இத்தகைய கணிப்பு நீதிமன்றத்தில் நிபுணர் கருத்தாகவே ஏற்கப்படும். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 39ஆம் பிரிவு அதற்கு இடமளிக்கிறது.