10 வயதைத் தாண்டிய கார்: வச்சிக்கலாமா, விட்டுடலாமா?

சிங்கப்பூரில் 10 ஆண்டு ஓடிய காரைத் தொடர்ந்து வைத்திருந்தால் பட்டறைச் செலவு மட்டுமா கூடும்?

வாகன உரிமைச் சான்றிதழ்: புதுப்பிக்க, கடந்த 3 மாதக் கட்டணங்களின் சராசரியைச் செலுத்த வேண்டும். 5 ஆண்டுக்கு மட்டும் என்றால் பாதித் தொகை. ஆனால் அதன்பின் மறுபடி புதுப்பிக்க முடியாது.

சாலை வரி: 10 ஆண்டைத் தாண்டியதும் 10 விழுக்காடு கூடுதல். ஆண்டுதோறும் ஏறி, 14 ஆண்டுக்குப் பின் 50 விழுக்காட்டைத் தொடும். வாகனச் சோதனையும் 2 ஆண்டுக்கு ஒருமுறை இல்லை, ஆண்டுதோறும்.

பட்டறை: ரப்பர் பாகங்கள், சஸ்பென்ஷன், ஏர்கான் கம்ப்ரசர் எல்லாம் ஒவ்வொன்றாகத் தேயும். அவற்றைச் சமாளித்துவிடலாம். கியர்பாக்ஸ் போனால்தான் பெரிய அடி.

எப்போது விடுவது? "இவ்வளவு செலவு பண்ணிட்டோமே"ன்னு யோசிக்காதீங்க. போன பணம் போனதுதான். அடுத்த பழுதுக்கான தொகையைச் சான்றிதழில் மீதமுள்ள மாதங்களால் வகுத்துப் பாருங்க. உதாரணத்துக்கு, 3,600 வெள்ளிச் செலவு: 36 மாதம் மீதியிருந்தால் மாதம் 100 வெள்ளி, 12 மாதம்தான் என்றால் 300 வெள்ளி.

காரின் பதிவை முன்கூட்டியே ரத்து செய்தால், சான்றிதழில் பயன்படுத்தாத காலத்துக்கான தொகை திரும்பக் கிடைக்கும். அதையும் கணக்கில் சேர்த்துக்கோங்க.